அரைக்கிணறு அண்ணியும் ஆறு நிமிடமும்

என் அண்ணிக்கு அரைக்கிணறு என்று பெயர் வைத்தது நான்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. எதை எடுத்தாலும் பாதியில் நிறுத்துகிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தார். ஒரு கையோடு நின்றது. தட்டச்சு வகுப்பில் மேல் வரிசை எழுத்துகள் வரைக்கும் போனார். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதில் முன்னால் போகத் தெரியும், பின்னால் எடுக்கத் தெரியாது. சமையலறைச் சுவரில் அலமாரி உயரம் வரைக்கும் பச்சை, அதற்கு மேல் பழைய அழுக்கு. எட்டு வருடமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நாங்கள் சாப்பிடுகிறோம்.

பெயர் வைத்த அன்றைக்கு அண்ணி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அம்மா, அண்ணன், அண்ணி, நான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை என்று அம்மா சொல்வார். வந்தவர்களில் நான்கு பேரை நான் பேசியே விரட்டினேன் என்பது அண்ணன் கட்சி. நானும் அண்ணியும் ஒரே ஓட்டலில் வேலை செய்கிறோம். நான் கீழ்த்தளத்தில் சலவைப் பிரிவு. அண்ணி நான்காவது மாடியில் அறை சுத்தம் செய்பவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். ஒரு மாதத்தில் பாதியில் விட்டுவிடுவார் என்று சலவைப் பிரிவில் பந்தயம் கட்டினேன். ஆறு வருடமாகியும் விடவில்லை. பந்தயத்தில் தோற்றதைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை.

ஒரு நாளைக்குப் பதின்மூன்று அறை. அறைக்கு இருபத்தெட்டு நிமிடம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, குளியலறை, கண்ணாடி, தரை, குப்பைக்கூடை. விருந்தினர் பொருளைத் தொடக் கூடாது. அவர்களிடம் எதையும் கேட்கவும் கூடாது. கேட்டால் வேலை போய்விடும். ஆனால் எங்கள் ஓட்டலில் விசித்திரமான ஒரு விதி உண்டு. விருந்தினர் புத்தகத்தை விரித்தபடி கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தால், அந்தப் பக்கத்தில் ஓட்டலின் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி, மூடி, மேஜைமேல் நேராக வைக்க வேண்டும். புத்தகத்தின் முதுகு உடையக் கூடாதாம். இந்த விதியை எழுதியவர் யாரென்று தெரியாது. அவர்தான் என் அண்ணியைக் கெடுத்தவர்.

முதலில் செருகும்போது கண்ணில் பட்ட ஒரு வரியைப் படித்தார். பிறகு ஒரு பத்தி. பிறகு பக்கம். விருந்தினர்கள் இரண்டு நாள், மூன்று நாளில் கிளம்பிவிடுவார்கள், புத்தகமும் போய்விடும். ஆக, அண்ணி படித்ததெல்லாம் நடுப் பக்கங்கள். சாப்பிட உட்கார்ந்தால் திடீரென்று ஆரம்பிப்பார்.

"ஒருத்தன் கப்பலை முழுகடிக்கப் போறான். அவன் தம்பியும் அதே கப்பல்ல இருக்கான்."

"ஏன் முழுகடிக்கிறான்?" என்பான் அண்ணன்.

"தெரியாது. அது முன்னாடி வந்திருக்கும்."

"தம்பி பொழைச்சானா?"

"அது பின்னாடி வரும்."

அண்ணன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிடுவான். அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

வாழ்க்கையைச் சீராக்க ஏழு வழிகள் என்று சொல்கிற ஒரு புத்தகமும் அப்படித்தான் அகப்பட்டது. அண்ணிக்குக் கிடைத்தது மூன்றாவது வழியும் நான்காவது வழியும். மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரே வேலை, மனம் முழுக்க அதிலேயே. நான்காவது, ஒவ்வொரு வாய் உணவையும் முப்பது தடவை மென்று விழுங்குதல். நான்காவது வழியை அன்றைக்கே தொடங்கினார். நாங்கள் சாப்பிட்டு, கை கழுவி, பாத்திரம் தேய்த்து முடித்தபோது அவர் ஐந்தாவது வாயில் இருந்தார்.

"முதல் ரெண்டு வழி என்னவாம்?" என்று கேட்டேன்.

அண்ணி அந்த வாயை முப்பது தடவையும் மென்று விழுங்கிவிட்டு, "தெரியாதே" என்றார்.

"மாமியார் வீட்டை விட்டுக் கிளம்புன்னு இருந்திருக்கும்."

அம்மா என்னை முறைத்தார். அண்ணி மென்றுகொண்டே சிரித்துப் புரையேறி, அத்தோடு நான்காவது வழி முடிந்தது.

மூன்றாவது வழி மட்டும் நிலைத்துவிட்டது. விரிப்பு மாற்றும்போது விரிப்பு மட்டும். கண்ணாடி துடைக்கும்போது கண்ணாடி மட்டும். முன்பெல்லாம் துடைத்துக்கொண்டே அடுத்ததை யோசித்து, வாளியை மறந்து, திரும்பப் போய் எடுப்பார். இப்போது இருபத்தெட்டு நிமிட வேலை இருபத்திரண்டில் முடிந்தது. மிச்சம் ஆறு நிமிடம். அதை அண்ணி யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னலோர நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து படித்தார். என்னிடம் அவர் சொன்னதே ஒரு வருடம் கழித்துத்தான்.

"நூலகத்துல கார்டு போட்டு எடுத்துட்டு வர வேண்டியதுதானே?" என்றேன். நானே கூட்டிப்போய்க் கார்டும் போட்டுக் கொடுத்தேன். எடுத்து வந்த புத்தகத்தில் மூன்று வாரத்தில் மூன்று பக்கம் நகர்ந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். அரைக்கிணறு என்பதற்கு இன்னொரு சாட்சி கிடைத்ததாக நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நானூற்றுப் பன்னிரண்டு வந்தார். எங்களுக்கு விருந்தினர்கள் எல்லோரும் அறை எண்கள்தான். ஏதோ ஆலையில் புதிய கொதிகலன் பொருத்துவதை மேற்பார்வை பார்க்க வந்தவர். ஆறு வாரம் தங்குவதாக ஏற்பாடு. என்னிடம் கேட்டால் காலரைப் பார்த்தே ஆளைச் சொல்வேன். நான்கே நான்கு சட்டை, எல்லாம் வெளிர்நீலம், காலரில் அழுக்கே இருக்காது, ஆனால் இடது கை மணிக்கட்டில் மட்டும் தினமும் தேநீர்க் கறை. ஒழுங்கானவர், ஆனால் கவனம் வேறெங்கோ இருக்கும் என்று முடிவு கட்டினேன்.

முதல் நாள் அவர் மேஜையில் பழைய நாவல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அண்ணி எடுத்துப் பார்த்தார். ஒன்றாம் பக்கம்.

அன்று மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். தெருமுனையில் நின்று சொன்னார்: "இருநூத்திப் பத்து பக்கம். லீவு நாளைக் கழிச்சா அவர் இருக்கறது முப்பத்தாறு நாள். நாளுக்கு ஆறு பக்கம் படிச்சா முடிச்சுடலாம்."

"முடிச்சு?"

"முடிச்சுடலாம்னு சொன்னேன். ஒரு புத்தகத்தை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும். நான் இதுவரைக்கும் படிச்சதே இல்லை."

நாற்பத்து நான்கு வயது மனுஷி இதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நானூற்றுப் பன்னிரண்டு படுக்கையில் படித்து அப்படியே தூங்கிவிடுகிற ரகம். அண்ணி சீக்கிரமே அவரைத் தாண்டிவிட்டார். அட்டைத் துண்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் பக்க எண்ணை, சுத்தம் செய்ய வேண்டிய அறைகள் எழுதிய கைச்சீட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். பதினாறு நாள் ஒரு பிசகும் இல்லை. பதினாறாம் நாள் கதையில் பரபரப்பான கட்டம். மூன்றாவது வழிப்படி மனம் முழுக்க அதிலேயே இருந்துவிட்டது. அட்டையைத் தன் பக்கமான தொண்ணூற்றாறில் செருகி மூடி வைத்துவிட்டு வந்துவிட்டார். அந்த மனிதர் இருந்தது ஐம்பத்தெட்டில்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வரவேற்பறைத் தொலைபேசி மணி அடித்தது.

"தபால்காரர் செத்துட்டாரா? எப்படிச் செத்தார்?" என்று நானூற்றுப் பன்னிரண்டு கேட்டார். குரலில் அத்தனை துக்கம்.

வரவேற்பறைப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஓட்டலுக்குத் தினமும் கடிதம் கொண்டுவருகிற தபால்காரர் நல்ல மனிதர். முந்தின நாள்தான் அவளிடம் குடை கடன் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அவள் சமையலறைக்குச் சொன்னாள், சமையலறை எங்களுக்குச் சொன்னது, நாங்கள் மாலை வாங்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். பத்தரை மணிக்கு அவர் குடையைத் திருப்பிக் கொடுக்க வாசலில் வந்து நின்றார். அந்தப் பெண் போட்ட கத்தல் கீழ்த்தளம் வரை கேட்டது.

செத்தது நாவலில் வருகிற தபால்காரர் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு விசாரணை நடக்காமல் இருக்குமா? நான்காவது மாடி மேற்பார்வையாளரை நாங்கள் மணிக்கூண்டு என்போம். வாயைத் திறந்தால் நேரம்தான் சொல்வார். அண்ணியை நானூற்றுப் பன்னிரண்டின் முன்னால் நிறுத்தினார். சலவை செய்த சட்டையைக் கொடுக்கப் போன நானும் வாசலில் மாட்டிக்கொண்டேன்.

அண்ணி ஒன்றையும் மறைக்கவில்லை. "நான்தான் சார் படிச்சேன். தினம் ஆறு நிமிஷம். வேலையை முடிச்சுட்டுத்தான். அட்டையை மாத்தி வெச்சது தப்பு."

"அப்ப தபால்காரர் நிஜமாவே செத்துடறாரா?" என்றார் அவர்.

"அதைச் சொல்ல மாட்டேன் சார். நீங்க இன்னும் அங்க வரலை."

மணிக்கூண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப மணி பதினொண்ணே கால். பதினொண்ணே கால்லேர்ந்து சொல்றேன், விதியில இருக்கறதைத் தவிர வேற எதுக்காகவும் அந்தப் புத்தகத்தைத் தொடக் கூடாது. தொட்டா வேலை இருக்காது. ஏம்மா, படிக்கணும்னா வீட்ல படிக்கறதுக்கென்ன?"

"வீட்ல முடியாதுங்க. கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க."

குறை சொல்கிற மாதிரி இல்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. நாலு பேர் முன்னால் குடும்ப மானத்தை வாங்கிவிட்டாரே என்று சட்டையைக் கட்டில்மேல் போட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கிவந்தேன்.

பொய் என்று நிரூபித்துக் காட்டுவதற்காக அன்று மாலை எண்ணினேன். சலவைத் துணியில் அடையாளம் குத்துகிற ஊக்குகளை ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, யார் அண்ணியைக் கூப்பிட்டாலும் ஒன்றை எடுத்து இன்னொரு டப்பாவில் போட்டேன். ஆறு மணியிலிருந்து ஒன்பது வரைக்கும். அண்ணன் கண்ணாடி எங்கே என்று கூப்பிட்டான். அது அவன் தலையில் இருந்தது. அம்மா மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார், பிறகு கூட்டச் சொன்னார். மொத்தம் நாற்பத்தொரு ஊக்கு. அதில் பத்தொன்பது என் குரலுக்கு விழுந்தவை.

டப்பாவை மூடிவைத்தேன். ஸ்வெட்டர் நின்றது அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது. கார் வகுப்பு நின்றது எனக்கு விஷக்காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்தபோது. சுவருக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தவரை, யாரோ வந்திருக்கிறார்கள் என்று ஏணியிலிருந்து இறக்கியது அண்ணன். அவர் எதையும் விடவில்லை. நாங்கள்தான் அவரை விடவில்லை. எனக்கு என்மேலேயே வந்த கோபத்தில் அன்றைக்குச் சீக்கிரமே போய்ப் படுத்துக்கொண்டேன்.

நானூற்றுப் பன்னிரண்டு சாதுவான மனிதர் என்று நினைத்தது தப்பு. விதியை அவர் எங்களைவிட நன்றாகப் படித்திருக்கிறார். மறுநாள் அவர் மேஜையில் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது, சரியாகத் தொண்ணூற்றாறாம் பக்கத்தில். கவிழ்ந்து கிடந்தால் எடுத்து மூடியாக வேண்டும், அது விதி. அதற்கடுத்த நாள் நூற்றிரண்டில் கவிழ்ந்து கிடந்தது. அட்டையை அண்ணிக்கு விட்டுவிட்டு, தன் பக்கத்துக்கு அவர் பழைய ரயில் சீட்டு ஒன்றைச் செருகிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மணிக்கூண்டு இரண்டு தடவை கதவைத் தள்ளிப் பார்த்தார். இரண்டு தடவையும் அண்ணி கையில் புத்தகமும் அட்டையும் விதிப்படி இருந்தன.

எல்லாம் கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணி நூற்றெண்பதாம் பக்கம் வந்தபோது கொதிகலன் வேலை முன்கூட்டியே முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரவேற்பறைப் பட்டியலில் பார்த்தேன்: நானூற்றுப் பன்னிரண்டு, சனிக்கிழமை காலை காலி.

அண்ணியிடம் சொன்னேன். "சரி" என்றார். "முப்பது பக்கம்தானே" என்றார். பிறகு கைச்சீட்டின் ஓரத்திலிருந்த பென்சில் எண்ணை ரப்பரால் அழித்தார். எத்தனையோ தடவை பாதியில் நிறுத்திய மனுஷி. அந்தப் பழக்கம் கைக்கு வந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவருடைய மூன்று சட்டைகளை மேலே அனுப்பிவிட்டு நான்காவதை வைத்துக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னாலேயே கொக்கியில் மாட்டினேன். ஒழுங்கான மனிதர், ஒரு சட்டை குறைந்தால் தேடிக்கொண்டு தானே வருவார். பத்து மணிக்கு வந்தார். அவர் மின்தூக்கியை விட்டு இறங்கியதுமே அண்ணிக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "நானூத்திப் பன்னிரண்டுக்குள்ள போங்க. நான் சொல்ற வரைக்கும் அறையை விட்டு வராதீங்க."

பிறகு தேட ஆரம்பித்தேன். துண்டுக் குவியலைப் பிரித்துப் போட்டேன். மேஜை விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறினேன். உலர்த்தும் இயந்திரத்துக்குள் தலையை விட்டு, "வெளிர்நீலம்தானே சார்?" என்று கேட்டேன். ஐந்து நிமிடம் ஆனது.

தலையை வெளியே எடுத்தபோது அவர் என் முக்காலியில் வசதியாக உட்கார்ந்திருந்தார். பார்வை கொக்கியில் இருந்தது.

"அவங்களுக்கு இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?" என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. என் வாழ்நாளில் அது அபூர்வம். "முப்பது சார்."

கடிகாரத்தைப் பார்த்தார். "புத்தகம் என் அக்காவோடது. திருப்பித் தரலைன்னா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. ரயில் பன்னிரண்டு மணிக்கு." காலை நீட்டிக்கொண்டார். "நல்லாத் தேடுங்க."

நன்றாகத் தேடினேன். நடுவில் மணிக்கூண்டு வந்து, "மணி பத்து இருபத்தைந்து, இன்னுமா கிடைக்கலை?" என்றார். நானூற்றுப் பன்னிரண்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, தன் அம்மா கொடுத்த சட்டை என்று ஒரு பொய் சொன்னார். மணிக்கூண்டும் மனசு கரைந்து எங்களோடு சேர்ந்து பத்து நிமிடம் துண்டு உதறினார். கொக்கிக்கு முதுகைக் காட்டி நான் நகராமல் நின்றதில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

பத்து ஐம்பதுக்கு அண்ணி படிக்கட்டு வழியாக இறங்கிவந்தார். கண் சிவந்திருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு எழுந்து, கொக்கியிலிருந்து சட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, அண்ணிக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"கடைசில என்ன ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன்" என்று துண்டுக் குவியல்மேல் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்துக் காட்டினார். அண்ணனிடமிருந்து ஒன்பது அழைப்பு. "கேட்டுச்சு. ஒன்பது தடவையும் கேட்டுச்சு. நான் எடுக்கல."

அன்று மாலை வீட்டில் அண்ணன் காத்துக்கொண்டிருந்தான். "ஒன்பது தடவை கூப்பிட்டேன். குழாய்ச் சாவி எங்கேன்னு தெரியாம நான் பட்ட பாடு. எங்கே போயிருந்தே?"

"படிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் அண்ணி. கைப்பையைத் திறந்து நூலகப் புத்தகம் ஒன்றை எடுத்தார்; வரும் வழியில் நூலகத்துக்குள் நுழைந்து எடுத்துக்கொண்டு வந்தது. "இப்பவும் ஆறு நிமிஷம் படிக்கப் போறேன். தினமும் இதே நேரம்." நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாவுக்கு மின்விசிறி வேகமாக இருந்தது. வாயைத் திறந்தார், நான் எழுந்துபோய்க் குறைத்தேன். அண்ணன் எதையோ தேடினான். கண்ணாடியை அவன் தலையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன். ஆறு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. நாலாவது நிமிடத்தில், எதற்கென்று எனக்கே தெரியாமல், "அண்..." என்று தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

உள்ளறைக் கதவு கொஞ்சம் திறந்தது. அண்ணி எட்டிப் பார்த்தார். "யாராவது கூப்பிட்டீங்களா?"

"இல்லை" என்றேன்.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்த பத்தொன்பது வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் அப்படிப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணி ஒரு கணம் என்னைப் பார்த்தார். மறுபடியும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.